பெட்ரோல் குழாய்க்குத் தண்ணீர்க் குழாய் வைத்தியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் எரிபொருள் குழாய் இணைப்பு கசிந்தால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் போதும் என்று உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. இரண்டே வரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு மறுநாளே டேப் ரோலோடு பானெட்டைத் திறக்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

டெல்டாவில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். இங்கே ஸ்பேனர் பிடிக்கிற கை பெரும்பாலும் முதலில் பழகுவது போர் செட்டிலும், வயலுக்கு இறைக்கும் டீசல் இன்ஜினிலும். டெலிவரி பைப்போ ஃபுட் வால்வோ, மரையில் சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசுவார்கள். இப்போது சணல் போய் டேப் வந்திருக்கிறது. தண்ணீருக்கு அது போதும். நாலு சொட்டு ஒழுகினாலும் வாழைக்குத்தான் போகும். பெட்ரோல் ஒழுகினால் அது விழும் இடம் இன்ஜினின் புகை வெளியேறும் சூடான குழாய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். காற்றில் 1.4 சதவீதம் அந்த ஆவி கலந்தாலே ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பட்டறைப் பள்ளத்தில் இறங்கித் தங்கும்.

காரின் எரிபொருள் பாதையில் உள்ள மரை இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் கசிவைத் தடுப்பது மரையே அல்ல. இரண்டு முகங்களை நெருக்கிப் பிடிப்பதோடு மரையின் வேலை முடிந்தது. அடைப்பு நடப்பது அந்த முகங்களில்: கூம்பும் கூம்பும் சேரும் இடத்தில், வாஷரில், குழாயைக் கடித்துப் பிடிக்கும் ஃபெரூல் வளையத்தில், அல்லது ரப்பர் வளையமான ஓ-ரிங்கில். அந்த இடம் கெட்டிருக்கும்போது மரையில் எதைச் சுற்றினாலும், எதைப் பூசினாலும், கசிவு சுற்றிக்கொண்டு வேறு வழியாக வரும். ஆகவே கசியும் இணைப்பைக் கண்டதும் கேட்க வேண்டியது, இது எந்த இடத்தில் அடைக்கிறது என்பதைத்தான்.

மரையாலேயே அடைக்கும் இணைப்பு ஒரே வகைதான், சரிவு மரை. நுனி சிறுத்து அடி பருத்திருக்கும். 16 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் விட்டம் கூடும் கணக்கு. மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல இறுக இறுக உள்ளே நெரிந்து பிடிக்கும். அப்படியும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருளாக ஒரு நூலிழைச் சந்து மிஞ்சும். அதை நிரப்பத்தான் சீலன்ட். காரில் இந்த வகை இருக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் மின்சார பம்பின் வாய், பிரஷர் கேஜ், சில ஃபில்டர் தலைகள், சில பழைய டாங்குகளின் வடிகால் அடைப்பான். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். வெர்னியர் வைத்து நுனியிலும் அடியிலும் அளந்து பாருங்கள். விட்டம் மாறினால் சரிவு மரை, மாறாவிட்டால் நேர் மரை. நேர் மரைக்கு சீலன்ட் வேலையே இல்லை.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் பித்தளை நிப்பிள், எல்போ எல்லாம் பி.எஸ்.பி., அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. வெளியிலிருந்து வரும் கேஜும் பம்பும் பல நேரம் என்.பி.டி., அதாவது அமெரிக்கக் குழாய் மரை. காரின் சொந்த போல்ட்டுகள் பெரும்பாலும் மெட்ரிக். எட்டில் ஒரு அங்குல அளவை மட்டும் எடுத்துக்கொள்வோம். பி.எஸ்.பி. என்றால் வெளி விட்டம் 9.73 எம்.எம்., அங்குலத்துக்கு 28 மரை. என்.பி.டி. என்றால் சுமார் 10.29 எம்.எம்., 27 மரை. கூடவே 10 எம்.எம். விட்டம், 1 எம்.எம். பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) உள்ள மெட்ரிக் மரையும் இருக்கிறது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றை இன்னொன்றில் விட்டால் ஒன்றிரண்டு சுற்று சுகமாக இறங்கும், பிறகு இறுகும். "நல்லா பிடிச்சிடுச்சு" என்று தோன்றும். உண்மையில் இரண்டு மூன்று மரை மட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கிறது. வண்டியின் அதிர்வில் அது தளரும், அல்லது அலுமினிய வாயின் மரையை உருவிக்கொண்டு வரும். டேப்பைக் கனமாகச் சுற்றி இந்தப் பொருத்தமின்மையை மறைப்பதுதான் பல பட்டறைகளில் நடக்கிறது. ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி கிடையாது. இல்லையென்றால் அதே மரை என்று நிச்சயமாகத் தெரிந்த போல்ட்டைப் பக்கத்தில் ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பல்லும் பல்லும் கடைசிவரை பொருந்த வேண்டும்.

இனி டேப். பெட்ரோல் டேப்பை அரித்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை, டெஃப்லானை பெட்ரோலும் டீசலும் எத்தனாலும் ஒன்றும் செய்யாது. தொல்லை வேறு இடத்தில். மரையின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேப்பின் ஓரம் இறுக்கும்போது சீவப்பட்டு நார் நாராக உள்ளே போகிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பழைய துணுக்குகள் உதிர்கின்றன. தண்ணீர்க் குழாயில் அவை வாய்க்கால் வரை போய்விடும். காரில் கார்புரேட்டரின் நீடில் உட்காரும் இடத்தில் மாட்டிக்கொண்டு பெட்ரோலை வழியவிடும். ஃபில்டருக்கு அப்பால் உள்ள இணைப்பென்றால் நேராக, எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும். அங்கே தலைமுடி கனமுள்ள ஒரு இழை போதும், ஒரு சிலிண்டர் சரியாக அடிக்காது. டேப் வழுக்கும் என்பது அடுத்த தொல்லை. கைக்கு இறுக்கம் தெரியாமல் இன்னும் அரை சுற்று போகும். சரிவு மரை உள்ளே இறங்க இறங்க வெளிப்புறத்தைப் பிளக்கப் பார்ப்பதால், அலுமினிய பம்பின் வாய் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். அதற்குப் பிறகு பம்பையே மாற்ற வேண்டியதுதான்.

சரிவு மரைக்கு நாங்கள் சொல்வது, காற்றுப் படாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்து இறுகும் அனெரோபிக் வகை த்ரெட் சீலன்ட். குழாய் இணைப்புக்கென்றே வருவது, எரிபொருள் தாங்கும் என்று உறையில் எழுதியிருப்பது. லாக்டைட் கம்பெனியில் 567, 577, 545 என்று எண் போட்டு வருகின்றன. போல்ட் பூட்டும் நீல, சிவப்பு பாட்டில் வேறு. அதை வாங்கி வரக்கூடாது. இரண்டு பக்க மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய டேப், பசை எல்லாம் போக, அசிட்டோனிலோ பிரேக் கிளீனரிலோ கழுவி உலர விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீலன்ட் இறுகாது. நுனியில் உள்ள முதல் இரண்டு மரையை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதிலிருந்து வட்டமாக ஒரு கோடு. எட்டில் ஒன்று அளவுக்கு ஓரிரு சொட்டு தாராளம். கையால் முழுக்க இறுக்கிய பிறகு ஸ்பேனரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. எல்போ பார்க்க வேண்டிய திசையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். அங்கேதான் கசிவு பிறக்கிறது. ஒன்று, இன்னும் முன்னால் போக முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் கழற்றித் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

பூசியதும் வண்டியைக் கிளப்புகிறவர்களால்தான் இந்தப் பசைக்குக் கெட்ட பெயர். இறுகும் முன் பெட்ரோல் பட்டால் அது கரைந்து ஓடிவிடும். பித்தளையிலும் இரும்பிலும் சீக்கிரம் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ், துத்தநாக முலாம், அலுமினியம் என்றால் நேரமெடுக்கும். முழுப் பிடிமானத்துக்கு 24 மணி நேரம் விடுவதே நல்லது. அவசரம் என்றால் இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்டிவேட்டரை முன்கூட்டி அடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஃபில்டர், பிளாஸ்டிக் பம்ப் வாய் எதிலும் இதைத் தொடவைக்காதீர்கள். சில வகை பிளாஸ்டிக் இதனால் வெடித்துப்போகும்.

சீலன்ட் கிடைக்காமல் டேப்தான் கதி என்றால், கேஸ் லைனுக்கு வரும் கனமான மஞ்சள் டேப், இரண்டு அல்லது மூன்று சுற்று. மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் ஓடும் பக்கம். நுனி இரண்டு மரை வெறுமையாக. பிய்க்காமல் பிளேடால் வெட்டுங்கள். அதுவும் சரிவு மரையில் மட்டும், ஃபில்டருக்கு முன்னால் உள்ள இணைப்பில் மட்டும்.

மற்ற பூச்சுகள் பற்றியும் சொல்லிவிடுகிறோம். டியூபில் வரும் சிலிகான் பசை, அதாவது ஆயில் சம்பில் போடும் ஆர்.டி.வி., பெட்ரோல் பட்டால் ஊதி, மெத்தென்று ஆகி, உரிந்து வரும். எம்-சீல் மாதிரி எபாக்சி மாவு அசையாத டாங்க் ஓட்டைக்கு ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். இணைப்பின் மேல் அப்பினால் அதிர்வில் வெடிக்கும், அடுத்த முறை நட்டையும் கழற்ற விடாது. டாங்க் கசிவில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பது நல்ல தற்காலிக வித்தைதான். பெட்ரோலில் சோப்பு கரையாது. மழையில் கரைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய மெக்கானிக்குகளுக்கு இது கை மருந்து. பெட்ரோல் லைன் வாஷரில் ஒரு தீற்றல் போடாமல் மாட்ட மாட்டார்கள். பெட்ரோல் வெறும் பெட்ரோலாக இருந்தவரை அது பிழைத்தது, ஏனென்றால் பெட்ரோலில் ஷெல்லாக் கரையாது. ஆனால் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். தச்சர்கள் அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? நம் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் வரத் தொடங்கி, இப்போது அதுவே வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. எத்தனால் என்பது ஆல்கஹால். முன்பு வருடக்கணக்கில் பிடித்து நின்ற பூச்சு இப்போது இளகி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பிசினாகப் படிவதற்கு இதுவே காரணம். பழைய ஃபைபர் வாஷர், பழைய ரப்பர் எல்லாமும் இந்தக் கலவையில் ஊதியோ சுருங்கியோ போகின்றன. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் இந்தப் பாகங்கள் 20 சதவீதத்தைத் தாங்கும்படி வருகின்றன. அதற்கு முந்தைய மாருதி 800, பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் ஓ-ரிங், டயஃப்ரம், ஹோஸ் அனைத்தையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஓ-ரிங் கேட்கும்போது வைட்டான் (எரிபொருள் தாங்கும் ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டாங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினால், ஓரளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி, உள்ளிருந்தே இணைப்புகளை அரிக்கும்.

டீசல் வண்டிகளில் அதிகம் தொல்லை கொடுப்பது பேஞ்சோ இணைப்பு: நடுவில் துளையுள்ள போல்ட், அதைச் சுற்றி வளையம், வளையத்தின் இரு பக்கமும் ஆளுக்கொரு வாஷர். இரண்டு வாஷர், ஒன்று அல்ல. செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டுவிடும். அடுத்த முறை அதே இடத்தில் அதே அச்சில் உட்காராது. 10, 12, 14 எம்.எம். வாஷர் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டுக்கொண்டு புதிதாகவே மாட்டுங்கள்; விலை ஒன்றும் இல்லை. கைவசம் இல்லாத நேரத்தில் பழைய செம்பு வாஷரை இடுக்கியில் பிடித்து, வண்டியை விட்டுத் தள்ளிப்போய், அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு மாதிரி இது கெட்டியாகாது, மெத்தென்று ஆகும். மேலே படிந்த கரியை நைசான உப்புத்தாளில், கண்ணாடி மேல் வைத்து வட்டமாகத் தேய்த்தெடுங்கள். அலுமினிய வாஷருக்கும், உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வாஷருக்கும் இந்த வித்தை கிடையாது; அவை புதிதுதான். வளையத்தின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் ஒன்று மையத்திலிருந்து ஓரம்வரை ஓடினால் எந்த வாஷரும் நிற்காது. நடுவில் துளை போட்ட போல்ட் என்பதால் பலம் குறைவு. 12 எம்.எம். அளவுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. நீண்ட ரிங் ஸ்பேனரில் உடம்பைப் போட்டு இழுத்தால் குறுக்குத் துளையில் முறிந்து, பாதி போல்ட் பம்புக்குள் நிற்கும்.

ஃப்ளேர் இணைப்பில் குழாயின் முனையை விரித்து, எதிரே உள்ள கூம்பின் மேல் நட் அழுத்திப் பிடிக்கிறது. இதில் சீலன்ட், டேப் எதுவும் கூடாது. கசிந்தால் முதலில் நட்டைத் தளர்த்தி, குழாயை லேசாக அசைத்து நேராக உட்காரவைத்து மீண்டும் இறுக்குங்கள். பாதி கசிவு இதிலேயே போகும். போகவில்லையென்றால் கழற்றிக் கூம்பில் மார்க்கர் பேனா மையைத் தடவி, இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை முழு வட்டமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறை மட்டும் தேய்ந்திருந்தால் குழாய் கோணல். வட்டத்தில் ஓரிடம் விட்டுப்போயிருந்தால் அங்கே ஃப்ளேர் வெடித்திருக்கிறது அல்லது மண் துகள் அழுந்தியிருக்கிறது. புது ஃப்ளேர் எடுக்கும்போது ஹாக்ஸா பிளேடு வேண்டாம், டியூப் கட்டர்தான். உள்விளிம்புப் பிசிறைச் சீவுங்கள். விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோத்துவிட்டோமா என்று பாருங்கள். இது சொல்ல வேண்டிய விஷயமா என்று சிரிக்கலாம், மறந்து மறுபடி வெட்டுவது எங்கும் நடப்பதுதான். இரும்புக் குழாய்க்கு இரட்டை மடிப்பு ஃப்ளேர். ஒற்றை மடிப்பு ஓரத்தில் வெடிக்கும். கூம்பின் கோணம் 45 டிகிரியும் உண்டு, 37 டிகிரியும் உண்டு. மரை பொருந்தினாலும் கோணம் மாறினால் கோடு அளவுக்குத்தான் தொடும். இறுக்கம்: கையால் முழுக்க, பிறகு கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். எதிர்ப்பக்கத்தை எப்போதும் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். நட்டின் மூலை மழுங்காமல் இருக்க வாய் திறந்த ரிங் ஸ்பேனர், ஃப்ளேர் ஸ்பேனர் என்று கேட்டால் தருவார்கள்.

துருப்பிடித்த இரும்புக் குழாய்க்குப் பதிலாக ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் வாங்கி மாட்டுகிற வழக்கம் நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருக்கிறது. வளைக்க எளிது, துருப்பிடிக்காது. ஆனால் அதிர்வில் செம்பு கெட்டிப்பட்டு, நட்டுக்குப் பின்னால் வெடிக்கும். டீசலை அது சீக்கிரம் பிசினாக்கவும் செய்யும். இரும்புக் குழாயே போட்டு, சேசிஸில் பிடிக்கும் கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் வைத்து, அந்த இடத்தில் தங்கும் சேற்றை மழைக்குப் பிறகு கழுவிவிட்டாலே பல வருடம் வரும். சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கும் களத்துக்கும் ஓடும் வண்டிகளில் குழாய் முதலில் ஓட்டையாவது இந்தக் கிளிப்புக்கு அடியில்தான்.

வளையப் பிடி, அதாவது ஃபெரூல் இணைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கையால் இறுகிய பிறகு சுமார் ஒரு சுற்று. ஒருமுறை குழாயைக் கடித்த ஃபெரூல் அந்தக் குழாயோடு போயிற்று. வேறு குழாய்க்கு ஆகாது.

டீசல் காரில் இணைப்புக் கோளாறு பல நேரம் கண்ணுக்கே தெரியாது. டாங்கிலிருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரையிலான பாதை உறிஞ்சும் பாதை. அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. சொட்டு இருக்காது, ஈரம் இருக்காது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும், ஆகி அரை நிமிடத்தில் அணையும், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்தால் சரியாகும். டாங்க் கால்வாசிக்குக் கீழே போனால் தொல்லை கூடும். வீட்டு வாசல் சரிவில் முகப்பை மேல்நோக்கி நிறுத்தினால் இன்னும் கூடும். இரவெல்லாம் டீசல் பின்னோக்கி இறங்கிவிடுகிறது. பேட்டரி, ஸ்டார்ட்டர், நாசில் என்று ஒவ்வொன்றாகக் காசு செலவழித்த பிறகுதான் பலர் இந்த வாஷருக்கு வருகிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃபீட் பம்பின் உள்வாயில் புது ஹோஸ் மாட்டி, மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் விட்டு இன்ஜினை ஓட்டுங்கள். நோய் போனால் கோளாறு டாங்குக்கும் பம்புக்கும் நடுவே. போகாவிட்டால் ஃபில்டர் தலை, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ பக்கம் பாருங்கள். ஃபில்டருக்கு அப்பால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸை ஒரு சாண் வைத்தால் குமிழி ஓடுவது தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்; அந்த ஹோஸ் எரிபொருளில் நாளாக நாளாக விறைத்து உடையும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது, தீயணைப்பானைப் பக்கத்தில் வைப்பது, பள்ளத்தில் இறங்காமல் திறந்த வெளியில் செய்வது எல்லாம் தெரிந்ததுதான். இன்ஜெக்ஷன் பெட்ரோல் காரில் இன்னொன்று: சாவியை அணைத்தாலும் குழாயில் 3, 4 பார் அழுத்தம் நிற்கும். பேட்டரியைக் கழற்றும் முன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி, மேலும் சில நொடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிய பிறகே ஸ்பேனரை வையுங்கள். அப்போதும் இணைப்பின் மேல் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். ஓடும் இன்ஜினில் அந்தக் குழாயின் நட்டைத் தொடவே கூடாது. பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் மருந்துக்கடைக்கு அல்ல, நேராக அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்களில் கூம்பு கெட்டால் மாற்றுக் குழாய்தான். பூச்சு எதுவும் கிடையாது.

வேலை முடிந்ததும் இணைப்பை நன்றாகத் துடைத்து, முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். சாவியை மட்டும் போட்டு பம்ப் ஓடும்வரை பாருங்கள், பிறகு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். பவுடரில் ஈரப் பொட்டு எங்கே முதலில் விழுகிறதோ அங்கேதான் கசிவு. விரலால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மேலே எங்கோ கசிந்து குழாயோடு வழிந்து கீழ் நட்டில் சொட்டுவது இதில் ஏமாற்ற முடியாது. சூடாக இருக்கும்போது நின்ற கசிவு ஆறியதும் வரலாம். ஆகவே மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

சி.என்.ஜி. மாட்டிய கார்களுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தம். இணைப்புகளும் தனி வகை. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு விடுவது கட்டாயம். அந்தக் குழாயில் வாசனை வந்தால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அனுமதி பெற்ற மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் ஸ்பேனர் வைக்கச் சொல்லாதீர்கள், நாங்களும் வைப்பதில்லை.

இப்படிக்கு,
கார் பட்டறைத் தொழிலாளர்கள் இருவர்,
நீடாமங்கலம்